ஓனர் வாங்கிய கடன், வாடகைக்காரர் வாசலில் நோட்டீஸ்

அந்தத் தாளில் வாடகைக்குக் குடியிருப்பவரின் பெயர் எங்குமே இருக்காது. கடன் வாங்கியவரின் பெயர் இருக்கும். அவர் மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பெயரும் இருக்கும். பாக்கித் தொகை, சர்வே எண், வடக்கே யார் மனை, கிழக்கே எத்தனை அடிச் சாலை என்று நான்கு எல்லைகளும் இருக்கும். கீழே வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலரின் கையெழுத்து. ஆனால் பசைகூடக் காயாமல் அது ஒட்டியிருப்பது வாடகைக்காரரின் வாசல் கதவில்.

ஓனருக்குப் போன் போட்டால், "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி சார். மேனேஜர்கிட்ட பேசிட்டேன், நீங்க பாட்டுக்கு இருங்க" என்பார். அடுத்த வாரம் இன்னொரு தாள் வரும். மூன்றாவது முறை அழைக்கும்போது அவர் போன் அணைந்திருக்கும்.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று அந்த வாரமே வேறு வீடு தேடுகிறார்கள். அல்லது, "கடன் வாங்கினவர் அவர், எனக்கென்ன?" என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். முதல் வகையினர் பல நேரம் தேவையில்லாமல் ஓடுகிறார்கள். இரண்டாம் வகையினர், ஒன்றரை மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்யாமல் விடுகிறார்கள். இரு வகையினரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கடன் ஓனர் மேல் இருக்கிறதா, வீட்டின் மேல் இருக்கிறதா?

கைமாற்று, புரோநோட்டு, கடைச் சரக்கு பாக்கி போன்றவை ஆள் மேல் உள்ள கடன்கள். கோர்ட் டிக்ரி கொடுத்தாலும் அது முதலில் அந்த ஆளைத்தான் தேடும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கியது வீட்டின் மேல் உள்ள கடன். வீடு யார் கைக்குப் போனாலும், உள்ளே யார் குடியிருந்தாலும் அது கூடவே போகும். வாசலில் வந்து நிற்பவர் யார், அவருக்கு என்ன அதிகாரம், உள்ளே இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

அமீனா வரும்போது

ஜப்தி என்ற சொல்லுக்கே தமிழ்நாட்டில் ஒரு நடுக்கம் உண்டு. கோர்ட் அமீனா வருவார், வழக்குப் போட்டவர் கூட வருவார், பீரோவும் கட்டிலும் அண்டாவும் தெருவுக்கு வரும், எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். அந்தப் பயத்தில் பலருக்குத் தெரியாமல் போனது, அமீனாவுக்கும் எல்லை உண்டு என்பது. 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 62-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் பொருள் ஜப்திக்காக யாருடைய குடியிருப்புக்குள்ளும் நுழையக் கூடாது. வெளிக்கதவை உடைக்க வேண்டுமானால் அந்த வீட்டில் குடியிருப்பவர் தீர்ப்புக் கடனாளியாகவே இருக்க வேண்டும். அவர் உள்ளே விட மறுத்திருக்கவும் வேண்டும்.

சட்டம் இங்கே சொந்தக்காரர் யார் என்று கேட்கவில்லை, குடியிருப்பவர் யார் என்று கேட்கிறது. மாடியில் ஓனர், கீழே வாடகைக்காரர் என்றால், மாடிக் கதவுக்குச் சட்டம் தரும் அனுமதி கீழ்க் கதவுக்குக் கிடையாது. கீழ்வீட்டுப் பட்டாவும் ஓனர் பெயரில்தானே இருக்கிறது என்று வழக்குப் போட்டவர் வாதாடினாலும் அதுதான் நிலை. ஆனால் ஒரே தலைவாசல் வழியாக இரண்டு குடித்தனமும் புழங்கும் பழைய பாணி வீடுகளில் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருக்காது. முறைப்படி உள்ளே வந்துவிட்ட அமீனா, கடனாளியின் பொருள் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் உள்ளறைக் கதவைத் திறக்கலாம்.

ஆகவே கேட்டைத் திறப்பதற்கு முன் கம்பி வழியாகவே வாரண்ட்டை வாங்கிப் படிப்பதில் தவறில்லை. எந்தக் கோர்ட், நிறைவேற்று மனுவின் எண் என்ன, கடனாளி யார், எந்த முகவரி, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தேதி கடந்த வாரண்ட்டோடு வருபவரைத் திருப்பி அனுப்பலாம். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது வேறு, அமீனாவின் கையைப் பிடித்துத் தள்ளுவது வேறு. பின்னது பணி செய்யவிடாமல் அரசு ஊழியரைத் தடுத்த குற்றம். ஓனர் கடனுக்காக வாடகைக்காரர் மேல் கிரிமினல் வழக்கு வந்த கதையாகிவிடும்.

எந்தப் பொருள் கடனாளியுடையது என்று அமீனாவுக்குத் தானாகத் தெரியாது. கூட வரும் டிக்ரிதாரர் கைகாட்டுவதை அவர் குறித்துக்கொள்வார். அந்த நேரத்தில் காப்பாற்றுவது பில்தான். பிரிட்ஜ் வாங்கிய ரசீது, டிவிக்குத் தவணை கட்டிய வங்கிக் கணக்கு, தன் பெயரில் உள்ள கேஸ் இணைப்பு, இந்த முகவரியோடு உள்ள ஆதார், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் காட்டி, "இந்தப் பகுதியில் குடியிருப்பது நான், பொருட்கள் என்னுடையவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அதை அமீனாவின் அறிக்கையில் சேர்க்கும்படி கேட்கலாம். மீறி எடுத்துச் சென்றால் ஜப்திப் பட்டியலின் நகலை வாங்கிக்கொண்டு, அதே கோர்ட்டில் உரிமை கோரும் மனுப் போட வேண்டும். கட்டளை 21, விதி 58 என்று சொன்னால் எந்த முன்சீப் கோர்ட் வக்கீலுக்கும் புரியும். ஏலம் முடியும்வரை சும்மா இருந்துவிட்டு வந்தால், வேண்டுமென்றே தாமதித்தார் என்று கோர்ட் அந்த மனுவை எடுத்துக்கொள்ளாமலே விடலாம்.

சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றை 60-வது பிரிவின்படி கடனாளியிடமிருந்தேகூட ஜப்தி செய்ய முடியாது. அப்படியிருக்க, கடனுக்குச் சம்பந்தமில்லாதவரின் குக்கரைத் தூக்க யாருக்கும் வழி இல்லை. ஆனால் ஏசி, வாட்டர் ஹீட்டர், கட்டில் எல்லாம் ஓனர் போட்டுக் கொடுத்த வீடாக இருந்தால் கதை மாறும். அந்தச் சாமான்கள் ஓனருடையவை; அவற்றை ஜப்தி செய்ய முடியும். எது யாருடையது என்ற பட்டியலை வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதிவைப்பதன் பயன் அந்த நாளில்தான் தெரியும்.

சில வழக்குகளில் அமீனா பொருளைத் தேடி வருவதில்லை, வாடகையைத் தேடி வருகிறார். வாடகைக்காரர் ஓனருக்குத் தர வேண்டிய வாடகையும் ஓனரின் சொத்துதான். அதை கோர்ட் ஜப்தி செய்யலாம். அப்படி ஓர் உத்தரவு வந்த பிறகு ஓனரிடம் வாடகை கொடுத்தால் அந்தப் பணம் கணக்கில் வராமல் போகும், மறுபடியும் கட்டச் சொல்வார்கள். உத்தரவுப்படி கோர்ட்டில் கட்டினால், அந்த மாத வாடகையை ஓனர் பிறகு கேட்கவே முடியாது. ஓனரின் வரிப் பாக்கிக்காக வருமான வரித் துறையும் வாடகைக்காரருக்கு இதேபோல நோட்டீஸ் அனுப்ப முடியும். அதை மீறி ஓனரிடமே கட்டினால், அந்தத் தொகைக்கு வாடகைக்காரரே பொறுப்பாளி ஆவார்.

வீடே ஜப்தி ஆனாலும் வாடகைக்காரர் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதில்லை. அந்த உத்தரவு ஓனரின் கையைத்தான் கட்டுகிறது: விற்காதே, மாற்றாதே. ஏலத்தில் வீட்டை எடுத்தவரிடம் அதை ஒப்படைக்கும்போதுகூட, உள்ளே உரிமையுள்ள வாடகைக்காரர் இருந்தால் அவரைத் தூக்கி வெளியே வைக்கும்படி சட்டம் சொல்லவில்லை. விற்பனைச் சான்றிதழின் நகலை வாசலில் ஒட்டி, தமுக்கு அடித்து அறிவித்தால் ஒப்படைத்ததாக ஆகிவிடும். தமுக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஏலம் எடுத்தவர் அன்று முதல் புது ஓனர். காலி செய்யச் சொல்ல வேண்டுமென்றால் அவர் வாடகைச் சட்டத்தின் வழியே வர வேண்டும். ஆனால் ஜப்தி ஆன பிறகு அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு இந்த நிம்மதி கிடையாது.

வங்கி வரும்போது

வீட்டின் மேல் கடன் என்றால் மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின்படி, அடமானம் வாங்கிய வங்கி வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றி விற்க முடியும். தவணை நின்று, கணக்கு வாராக்கடன் ஆனதும், 13(2) பிரிவின்படி ஓனருக்கு 60 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் போகும். அது வாடகைக்காரருக்கு வராது. அவருக்கு முதல் அறிகுறி, ஓனர் பெயருக்கு அந்த முகவரிக்கே வந்து சேரும் பதிவுத் தபால்கள். அல்லது ஒருநாள் யாரோ வந்து தெருவில் நின்றபடி வீட்டைச் செல்போனில் படம் பிடித்துவிட்டுப் போவது.

60 நாள் தாண்டினால் சுவாதீன அறிவிப்பு. கதவில் ஒட்டுவார்கள், ஏழு நாட்களுக்குள் இரண்டு செய்தித்தாள்களில், ஒன்று அந்த வட்டார மொழியில், விளம்பரமும் வர வேண்டும். இந்த நிலையில் வங்கி எடுத்திருப்பது பெரும்பாலும் காகித அளவிலான சுவாதீனம். யாரும் வீட்டுக்குள் வரமாட்டார்கள். நேரடியாகக் கைப்பற்ற வேண்டுமானால் 14-வது பிரிவின்படி சென்னையில் தலைமைப் பெருநகர நடுவரிடமும், மாவட்டங்களில் ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனுப் போடும். உத்தரவு கிடைத்ததும் அட்வகேட் கமிஷனர் ஒருவர் போலீஸ் பாதுகாப்போடு வருவார். இவரைத் தடுக்க 62-வது பிரிவு உதவாது. தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது, பூட்டை உடைப்பது உட்பட.

அப்படியானால் வாடகைக்காரருக்குப் பாதுகாப்பே இல்லையா? இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதில் புரியும். இரண்டு வழக்குமே மும்பையிலிருந்து வந்தவை. இரண்டிலும் ஓனர் வங்கிக் கடனைக் கட்டாமல் விட்டார். இரண்டிலும் வங்கி 14-வது பிரிவில் உத்தரவு வாங்கியது. இரண்டிலும் வாடகைக்காரர் குறுக்கே நின்றார்.

முதல் வழக்கில் 2016 ஜனவரி 20 அன்று தீர்ப்பு வந்தது. எதிரே நின்றது பேங்க் ஆஃப் இந்தியா. வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் ஒருவரை சர்ஃபாசி சட்டத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது, கடனை வசூலிக்க வங்கிக்கு உள்ள உரிமை வாடகைக்காரரின் உரிமையை விழுங்கிவிடாது என்று நீதிபதிகள் கோபால கவுடாவும் அமிதவ ராயும் சொன்னார்கள். ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வாடகைக்காரரைத் தள்ளிவிட முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். வாடகைக்காரர் ஜெயித்தார். நாடு முழுவதும் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. கடனில் மூழ்கிய ஓனர்களுக்கு மைத்துனரும் ஒன்றுவிட்ட தம்பியும் திடீரென்று பத்து வருடத்து வாடகைக்காரர்களாக முளைப்பது கோர்ட்டுகளுக்குப் பழகிய காட்சி. வாய்மொழி வாடகை, ரசீது கிடையாது, கேட்டால் "நம்பிக்கைதான் சார்" என்ற பதில்.

2019 செப்டம்பர் 11 அன்று, சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா சம்பந்தப்பட்ட இரண்டாவது வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு கணக்கை நேராக்கியது. அந்த வாடகைக்காரர், அடமானத்துக்கு முன்பே வாய்மொழி ஒப்பந்தத்தில் குடிவந்ததாகச் சொன்னார். ஆதாரம் போதவில்லை என்று கோர்ட் ஏற்கவில்லை. கூடவே அமர்வு வகுத்த விதிதான் இன்று தமிழ்நாட்டு வாடகைக்காரருக்கும் அளவுகோல். அடமானத்துக்கு முன்பே செல்லுபடியாகும் வாடகை இருந்தால், வங்கி அவரை சர்ஃபாசி வழியாக வெளியேற்ற முடியாது. அடமானத்துக்குப் பிறகு, ஆனால் 13(2) நோட்டீஸுக்கு முன் குடிவந்திருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவில் உள்ள நிபந்தனைகள் நிறைவேறியிருக்க வேண்டும். நோட்டீஸுக்குப் பிறகு, வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் குடிவந்திருந்தால் பாதுகாப்பு இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் இருக்க உரிமை கோருபவரிடம் பதிவு செய்த பத்திரம் இருக்க வேண்டும்.

வழக்கு எதுவானாலும், வாடகைக்காரர் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது மூன்று தேதிகள்: பத்திரம் வங்கிக்குப் போன தேதி, வாடகைக்காரர் குடிவந்த தேதி, 13(2) நோட்டீஸின் தேதி. நடுத்தேதியைக் காகிதத்தில் காட்ட முடியாதவர் தோற்கிறார்.

2016 தீர்ப்பைப் படித்துவிட்டு இங்குள்ளவர்கள் ரொம்பவும் தெம்பாகிவிடக் கூடாது. அந்த வாடகைக்காரருக்குப் பின்னால் மகாராஷ்டிரத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நின்றது. தமிழ்நாட்டில் 1960-ன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது எழுதப்பட்ட ஒப்பந்தத்தை மையமாகக் கொண்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் அப்படியே உட்கார்ந்திருப்பவருக்குப் பழைய சட்டம் கொடுத்த குடை இப்போது இல்லை. பதினோரு மாத ஒப்பந்தத்தை ஐந்து வருடமாகப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

லீஸ் என்ற பெயரில்

65-ஏ பிரிவின் நிபந்தனைகளில் சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை தமிழ்நாட்டின் ஒரு பழக்கத்தை நேராகத் தாக்குகின்றன. அடமானம் வைத்தவர் வீட்டை வாடகைக்கு விடலாம்; ஆனால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்கு விட வேண்டும். மொத்தத் தொகையாக எதுவும் வாங்கக் கூடாது, வாடகையை முன்பணமாகவும் வாங்கக் கூடாது. கட்டடம் என்றால் காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. வங்கியின் அடமானப் பத்திரம் இதைவிடக் கடுமையாக இருந்தால் பத்திரத்தில் உள்ளதே செல்லும். "வங்கியின் சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது" என்ற வரி பெரும்பாலான வீட்டுக்கடன் பத்திரங்களில் இருக்கிறது.

இப்போது சென்னையின் லீஸ் வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். மாத வாடகை கிடையாது. ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, போகும்போது அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். ஒத்தி என்றும் போக்கியம் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். வாடகை மிச்சம் என்று நகையை விற்றும் சீட்டுப் பணத்தைப் போட்டும் இதில் இறங்கும் குடும்பங்கள் ஏராளம். வங்கியில் ஏற்கெனவே அடமானம் உள்ள வீடாக அது இருந்தால், 65-ஏ பிரிவின் கண்ணில் இந்த ஏற்பாடு நிற்கவே நிற்காது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு எழுதிய லீஸ் ஒப்பந்தம், வங்கிக்கு எதிராக ஒரு நாள்கூட வீட்டைத் தக்கவைத்துத் தராமல் போகலாம்.

முறையான போக்கியப் பத்திரம் என்றால் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வங்கியின் அடமானத்துக்கு முந்தையதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதபோது, கொடுத்த பத்து லட்சம் ஓனருக்குக் கொடுத்த கைமாற்றுப் போலத்தான். வீட்டை விற்று வரும் பணத்தில் வங்கி முதலில் தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும். லீஸ் தொகையை வங்கி தராது, ஏனென்றால் அதை வங்கி வாங்கவில்லை. ஓனர் மேல் சிவில் வழக்குப் போட வேண்டும். அடமானத்தை மறைத்து ஏமாற்றிப் பணம் வாங்கியிருந்தால் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். இரண்டுமே நீண்ட பாதை. அந்த ஓனருக்கு ஏற்கெனவே கடன்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்து, இதைவிட விஷமமானது. 13(2) நோட்டீஸ் கையில் கிடைத்த ஓனருக்கு உடனே ரொக்கம் தேவைப்படும். வீட்டை விற்க முடியாது, பத்திரம் வங்கியில் இருக்கிறது. லீஸுக்கு விடுவது ஒன்றுதான் அவர் கையில் மிச்சம். அக்கம்பக்கத்தைவிடக் குறைந்த தொகை, "நாளைக்கே வந்துடுங்கம்மா, வெள்ளையடிச்சுத் தர்றேன்" என்ற அவசரம், அசல் பத்திரத்தைக் கேட்டால் லாக்கரில் இருக்கிறது என்ற பதில் எல்லாம் சேர்ந்து வந்தால் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் சம்மதமின்றிச் செய்த குத்தகையை 13(13) பிரிவு தடுக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வீட்டுக்கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருந்தால் அது அங்கே தெரியும். எந்த வங்கி, எந்தத் தேதி என்பதும் தெரியும். ஓனரிடம் சர்வே எண்ணும் பத்திர எண்ணும் கேட்கச் சங்கடப்பட்டுப் பத்து லட்சத்தைத் தூக்கிக் கொடுப்பவர்கள், அதே வாரம் பத்தாயிரம் ரூபாய் செல்போனுக்கு நான்கு கடை ஏறி இறங்கியிருப்பார்கள்.

45 நாள்

நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்றால் முதல் வேலை அதைப் படம் எடுத்து, ஒட்டிய தேதியைக் குறித்துவைப்பது. வங்கியின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட யாரும் சர்ஃபாசி சட்டத்தின் 17-வது பிரிவின்படி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம். தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயங்கள் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று ஊர்களில் இருக்கின்றன. வக்கீல்கள் டி.ஆர்.டி. என்பார்கள்.

வாடகைக்காரருக்கு இந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கவில்லை. அன்றைய சட்டப்படி வாடகைக்காரரின் சுவாதீனத்தைத் திருப்பித் தரத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 17(4ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. 2016 செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. வாடகைக் காலம் முடிந்துவிட்டதா, 65-ஏ பிரிவுக்கு முரணா, அடமான நிபந்தனைக்கு முரணா, 13(2) நோட்டீஸுக்குப் பிறகு உருவானதா என்ற நான்கையும் தீர்ப்பாயம் பார்க்கும். சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கித் தருவதாகச் சொல்லும் வக்கீலிடம் 34-வது பிரிவைப் பற்றிக் கேட்பது நல்லது. இந்த விவகாரத்தில் சிவில் கோர்ட்டுக்குத் தடை இருக்கிறது. 14-வது பிரிவு உத்தரவு போடும் நடுவரிடம் போய் வாதாடுவதிலும் பெரிய பலன் இல்லை. அவருடைய வேலை ஆவணங்களைச் சரிபார்த்து உத்தரவு போடுவது, தகராறுகளைத் தீர்ப்பது இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

தீர்ப்பாயத்தில் ஜெயிக்க வாய்ப்பில்லாத வழக்கு என்று வக்கீல் நேர்மையாகச் சொன்னால், அதையும் காதில் வாங்க வேண்டும். அப்போது கேட்க வேண்டியது கால அவகாசம். குழந்தைகளின் ஆண்டுத் தேர்வு, வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர் என்று காரணம் காட்டி, இன்ன தேதிக்குள் காலி செய்கிறேன் என்று வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம். பூட்டை உடைத்து, சாமான் பட்டியல் எடுத்து, காவலாளி போடுவது வங்கிக்கும் செலவு, தலைவலி. தானாகக் காலி செய்யும் வாடகைக்காரருக்குச் சில வாரம் கொடுப்பதில் வங்கிக்கு நஷ்டமில்லை. கமிஷனர் வந்துவிட்டாலும் வங்கிக்கு அடமானமானது வீடுதான். உள்ளே உள்ள வாடகைக்காரரின் சாமான்கள் மீது வங்கிக்கு எந்த உரிமையும் இல்லை, அவற்றுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதற்கிடையில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: "வீடே போகப்போகுது, இனி எதுக்கு வாடகை?" என்று நிறுத்துவது. வாடகை நின்ற நாளில் வாடகைக்காரர் என்ற தகுதியும் ஆட்டம் காண்கிறது. கோர்ட்டோ வங்கியோ வேறுவிதமாக எழுத்தில் சொல்லும்வரை ஓனரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது பாதுகாப்பு. ரொக்கமாகக் கொடுப்பது தற்கொலை. வாடகையை எங்களிடம் கட்டுங்கள் என்று வங்கியிடமிருந்து கடிதம் வந்தால், ஓனருக்கும் வங்கிக்கும் பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொண்டு கட்டலாம். அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன் என்பதையும் ஓனரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். அட்வான்ஸ் பற்றிப் புதிய சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகைதான். அதற்கு மேல் கொடுத்ததெல்லாம் இப்படிப்பட்ட நாளில் சிக்கிக்கொள்ளும் பணம்.

கையில் காகிதம் இல்லாதவர்கள்

கடைசியாக ஒரு கூட்டம் உண்டு: டீ ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இரண்டு பைக்கில் வருபவர்கள். "ஓனர் எங்கே? சொல்லலைன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்பார்கள். இவர்கள் அமீனாவும் இல்லை, கமிஷனரும் இல்லை; வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பிய வசூல் ஏஜென்ட்கள். வீட்டுக்குள் வரவோ, ஒரு ஸ்பூனை எடுக்கவோ இவர்களுக்கு அதிகாரம் கிடையாது. கடனாளியையே காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போனில் அழைத்து வசூல் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்; பிறகு வங்கியில் எழுதிக் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும் எழுதலாம். கந்துவட்டிக்காரர் வந்து, "வீடு இனிமே எனக்குத்தான், வாடகையை என்கிட்ட கொடு" என்றால் அது வெறும் மிரட்டல். 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் அவர் மேல்தான் பாயும்.

வாடகைக்காரர் கையிலும் காகிதம் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்து எண் வாங்குவதையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிவதையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. முதலாவது 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம், இணையத்திலேயே செய்யலாம். குடிவந்த தேதிக்கு அரசுப் பதிவேட்டில் ஒரு சாட்சி கிடைக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீடு எடுப்பவருக்கு இரண்டாவதும் வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச வக்கீல் கிடைக்கும், தீர்ப்பாய வழக்குகளுக்கும் சேர்த்து. வாடகை ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே மனுக் கொடுக்கலாம். கட்டணமில்லாத தொலைபேசி எண் 15100.